சிட்டுவின் கைகள் ஏன் நின்றன?

மிளகாய்க்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். பிறகு மூக்கு. மூக்கும் சிவந்துவிட்டால் பக்கத்தில் யாரும் நிற்காமல் இருப்பது நல்லது.

அவளுக்கு வயது பத்து. அவள் தம்பி சிட்டுவுக்கு ஏழு. சிட்டுவுக்குக் காது கேட்காது. கைகளால்தான் பேசுவான். அதுவும் கொஞ்ச நஞ்சப் பேச்சல்ல. பல் தேய்க்கும்போதுகூட பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் பேசுகிற ஆள்.

ஒவ்வொருவருக்கும் அவனே ஒரு கைப்பெயர் வைப்பான். உறைப்பு தாங்காமல் வாய்க்கு முன்னால் கையை விசிறினால் அது அக்கா. அதைப் பார்த்துத்தான் அந்த நான்கு மாடிக் கட்டடமே அவளை மிளகாய் என்று கூப்பிட ஆரம்பித்தது.

அந்தப் புதன்கிழமை மாலை, சிட்டு டேப்லெட் முன்னால் உட்கார்ந்திருந்தான். அவனுடைய கைமொழி வகுப்பு வாரத்தில் மூன்று நாள் அந்தத் திரையில்தான் நடக்கும். டீச்சர் வேறு ஊர். அவருக்கும் காது கேட்காது. ஆறு பிள்ளைகள், ஆறு ஊர்கள், ஆறு கட்டங்கள்.

"கேள்விக்குப் பதில் சொல்லு, சிட்டு" என்று டீச்சரின் கைகள் கேட்டன.

சிட்டு சொன்னான். டீச்சர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். மறுபடி கேட்டார். சிட்டு மறுபடி சொன்னான். மூன்றாம் தடவை எழுந்து நின்று, முழுக்கையையும் வீசிச் சொன்னான். டீச்சர் மெல்லச் சிரித்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

சிட்டு இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டான். கையால் பேசுகிறவன் கையை ஒளித்துக்கொண்டால், வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டதாக அர்த்தம்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் போனுக்கு டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. அம்மா மருந்துக் கடை வேலை முடிந்து அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

'சிட்டு இரண்டு வாரமாகப் பேசுவதில்லை. படம் அடிக்கடி நின்றுவிடுகிறது. எப்போது பார்த்தாலும் சும்மா உட்கார்ந்திருக்கிறான். சனிக்கிழமை கதை சொல்வது அவன் முறை. விருப்பமில்லை என்றால் வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடட்டுமா?'

"பேசலையா?" மிளகாயின் காது சிவந்தது. "கை வலிக்க வலிக்கப் பேசினாம்மா! நான் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்!"

லிஃப்டில் மாட்டிக்கொண்ட யானையின் கதை அது. சிட்டு பத்து நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருந்தான். தும்பிக்கைக்கு வலது கை, லிஃப்ட் கதவுக்கு இடது கை.

"கதையை யாருக்கும் கொடுக்க வேணாம்னு எழுதும்மா" என்றாள் மிளகாய். "நான் என்னன்னு பார்க்கிறேன்."

மறுநாள் பள்ளி விட்டதும், லைன் பார்க்கும் அக்காவைக் கையோடு பிடித்து வந்தாள். தெரு முழுக்க இணைய இணைப்பு ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கிறவர் அவர். எப்போதும் தோளில் சுருட்டிய வயர் தொங்கும். அக்கா ஒரு சின்னக் கருவியை வீட்டு லைனில் சொருகிப் பார்த்து விசில் அடித்தார்.

"வர்றது இருபது மெகா. போறது அரை மெகா."

"அப்படின்னா?"

"உள்ள வர்றதுக்கு லாரி ஓடுற ரோடு போட்டிருக்காங்க. வெளிய போறதுக்குப் பூனை நடக்கிற மதில்சுவர்தான். குரல் போயிடும். ஆடாம அசையாம உட்கார்ந்திருந்தா முகமும் போயிடும். ஆனா வேகமா ஆடுற கை இருக்கு பாரு, அது பாதி வழியிலயே நின்னுடும்."

மிளகாய்க்குப் புரிந்துவிட்டது. சிட்டுவுக்கு டீச்சர் பளிச்சென்று தெரிகிறார். டீச்சருக்குத்தான் சிட்டு தெரியவில்லை.

"கீழ இருக்கிற இணையப் பெட்டி கெட்டுப் போச்சாக்கா?"

"பெட்டி பாவம்மா. சொன்னதைச் செய்யுது. சொன்னவர் யாருன்னு கீழ போய்ப் பாரு. கட்டடத்துப் பெட்டிக்குச் சாவியும் பாஸ்வேர்டும் அவர்கிட்டதான். நான் கை வைக்க முடியாது."

கீழே, மாடிப்படிக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டி. எல்லா வீட்டுக்கும் இணையம் அதிலிருந்துதான் போகிறது. அதற்குப் பக்கத்தில், பெட்டியைவிடப் பெரிய சட்டத்தில் ஒரு சான்றிதழ். குடியிருப்போர் சங்கச் செயலாளர் அரை நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்ததற்குக் கொடுத்தது. பயிற்சியின் பாதி நேரம் டீயும் பிஸ்கட்டும் என்பது சான்றிதழில் இல்லை.

அதற்கும் கீழே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இரண்டு வாரத்துக்கு முந்தைய தேதி.

'குடியிருப்போர் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: இணையப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் பொருட்டு இல்லங்கள் இரு பிரிவாகப் பகுக்கப்படுகின்றன. பெரியோர் மட்டும் வசிப்பவை முதற்பிரிவு. சிறார் வசிப்பவை இரண்டாம் பிரிவு. சிறார் பார்ப்பவர்களேயன்றி அனுப்புபவர்கள் அல்லர். ஆதலின் இரண்டாம் பிரிவு இல்லங்களின் வெளிச்செல்லும் வேகம் அரை மெகாவாக வரையறுக்கப்படுகிறது. இங்ஙனம், செயலாளர் மற்றும் இணையப் போக்குவரத்துத் தலைமை ஒழுங்காளர்.'

கட்டடத்தில் ஒருவர் விடாமல் இந்த அறிவிப்பைக் கடந்துதான் தினமும் போனார்கள். 'யாதெனில்' வரைக்கும் படித்தவர்களே குறைவு.

மிளகாயின் மூக்கு சிவந்தது. மூன்றாம் மாடிக்கு இரண்டிரண்டு படியாகத் தாவினாள்.

செயலாளர் கதவைத் திறந்தார். கழுத்தில் பட்டு நாடாவில் பெட்டியின் சாவி தொங்கியது. குளிக்கும்போதும் அதைக் கழற்ற மாட்டார் என்று கட்டடத்தில் பேச்சு.

"மாமா, எங்க வீட்டுலேர்ந்து வெளிய போற வேகத்தைக் கூட்டுங்க."

"மாமா இல்லை. ஒழுங்காளர்."

"ஒழுங்காளர் மாமா, வேகத்தைக் கூட்டுங்க."

"ஏன் குறைச்சேன்னு உனக்குத் தெரியுமா? போன மாசம் இணையவழிப் பொதுக்கூட்டத்துல நான் பேசிக்கிட்டு இருக்கேன். சுத்தம் பற்றிய முக்கியமான இடம். படக்குன்னு என் படம் நின்னு போச்சு!"

அந்தக் கூட்டத்தில் கலந்துகொண்ட அத்தனை பேரும் அதே கட்டடத்தில்தான் இருந்தார்கள். ஜன்னலைத் திறந்து சத்தமாகப் பேசியிருந்தாலே போதும். ஆனால் இதைச் செயலாளரிடம் யாரும் சொல்லவில்லை.

"என் தம்பி கையாலதான் பேசுவான் மாமா. கை போகலைன்னா பேச்சே போகலை."

"எழுதி அனுப்பச் சொல்லு."

"நீங்க மட்டும் கூட்டத்துல எழுதியா காட்டுறீங்க?"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "இதோ பாரும்மா. சின்னப் பசங்க அனுப்புறதுக்கு அப்படி என்ன இருக்கு? நாங்க சொல்றவங்க. நீங்க பார்க்கிறவங்க. ஒரு மனு எழுதிக் கொடு. அடுத்த மாதக் கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்."

"சனிக்கிழமை மாமா! நாளை மறுநாள்!"

கதவு மூடிக்கொண்டது.

மிளகாய் மாடிப்படிச் சுவரை ஓங்கி ஓர் உதை விட்டாள். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டைவிரல் விண்ணென்று தெறித்தது. அந்தப் படியிலேயே உட்கார்ந்து விரலைத் தேய்த்துக்கொண்டு யோசித்தாள். கூச்சல் போடலாமா? பெட்டியை உடைக்கலாமா? உடைத்தால் சிட்டுவுக்கு மதில்சுவரும் போய்விடும்.

'நாங்க சொல்றவங்க.' அந்தப் பேச்சு அவள் காதில் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டே இருந்தது. சரி, அவர் சொல்லட்டுமே! எங்கள் வீட்டிலிருந்து சொல்லட்டுமே!

எழுந்து போய் மறுபடி மணியை அழுத்தினாள்.

"மறுபடி என்ன?"

"சனிக்கிழமை தம்பி வகுப்புல கதை நேரம் மாமா. அதுக்கு முன்னாடி சிறப்பு விருந்தினரா நீங்க பேச முடியுமா? எங்க வீட்டுக்கு வந்து பேசணும். நீங்க சொல்றதை நான் கையால சொல்லிடுவேன். டீச்சர்கிட்ட அம்மா கேட்டுடுவாங்க."

செயலாளரின் முகம் பூத்தது. "சிறப்பு விருந்தினரா? எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம்."

"ரெண்டு நிமிஷத்துல நான் தொண்டையைக் கனைச்சு முடிக்கவே மாட்டேனே!"

"சரி, அஞ்சு. ஆனா மாமா, இப்பவே சொல்லிடுறேன். எங்க வீட்டுலேர்ந்து எதுவும் ஒழுங்கா வெளிய போகாது."

"நீ பயப்படாதே. நான் பேசினா எங்கயும் போகும்."

சனிக்கிழமை மாலை செயலாளர் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். கையில் ஒன்பது பக்கத் தாள். சிட்டு ஒரு மூலையில், கைகளை அக்குளில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். 'உன் கைகளைப் பாதி வழியில் நிறுத்தியவர் இவர்தான்' என்று மிளகாய் சொல்லியிருந்தாள். அதனால் அவரை வரவேற்க அவன் ஒரு விரலைக்கூட வெளியே எடுக்கவில்லை.

"அன்பார்ந்த இளந்தளிர்களே!" செயலாளர் வலது கையை வானத்துக்கு உயர்த்தினார். பக்கத்தில் நின்ற மிளகாய் அதைக் கையால் சொன்னாள். "இணையம் என்பது யாது?"

இரண்டு நிமிடம் ஆனது. திரையில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். ஒரு பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பார்த்தியா?" செயலாளர் மிளகாயிடம் கிசுகிசுத்தார். "என் நகைச்சுவை சரியாப் போய்ச் சேருது."

அவர் இன்னும் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை.

அம்மாவின் போன் ஒளிர்ந்தது. அம்மா படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். "சார், டீச்சர் எழுதியிருக்காங்க. 'திரை நின்றுவிட்டது. சிறப்பு விருந்தினர் இவர்தானா? ஏன் மூன்று நிமிடமாக வாயைத் திறந்தபடியே இருக்கிறார்?' ஒரு படமும் அனுப்பியிருக்காங்க."

செயலாளர் படத்தை வாங்கிப் பார்த்தார். கோட்டு போட்ட ஒருவர் வாயை அகலத் திறந்து, ஒரு கையைத் தூக்கி, மரத்தில் எட்டாத பழத்தைப் பறிக்கிற மாதிரி நின்றிருந்தார். பக்கத்தில் மிளகாய், பாதி மங்கலாக.

"நான் ரெண்டு பக்கம் பேசி முடிச்சுட்டேன்!" அவர் குரல் உயர்ந்தது. "அவங்க அத்தனை பேரும் எனக்குப் பளிச்சுனு தெரியறாங்க. நான் சொல்றது மட்டும் போகலையா? நான் இங்க தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேன், அங்க சும்மா நிக்கிறேன்னு நினைக்கிறாங்களா? என்ன அநியாயம் இது! யார் செய்த வேலை இது?"

அம்மா ஜன்னலைப் பார்த்தார்.

மிளகாயின் நாக்கு நுனியில் இருபது பதில்கள் வரிசை கட்டி நின்றன. ஒன்றைவிட ஒன்று உறைப்பானது. ஆனால் செயலாளர் போனில் தன் படத்தையே திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்ப்பதைக் கண்டாள். வரிசையை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினாள்.

"சிட்டுவுக்கு ரெண்டு வாரமா இப்படித்தான் மாமா."

செயலாளர் மூலையைப் பார்த்தார். சிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்குளில் கைகள்.

தண்ணீரைக் குடித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. அடுத்த நொடி படியில் தடதடவென்று சத்தம். மிளகாய் பின்னாலேயே ஓடினாள்.

செயலாளர் பெட்டியைத் திறந்து, ஒரு சின்ன விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு தட்டினார். "எவ்வளவு போடணும்?"

"உங்க வீட்டுக்கு எவ்வளவு?"

அவர் இருமினார். "பத்து."

"அதே போடுங்க."

"போட்டாச்சு."

"இரண்டாம் பிரிவுல இருக்கிற எல்லா வீட்டுக்கும்."

"அதெல்லாம் கூட்டம் கூட்டி, தீர்மானம் போட்டு..."

"மாமா." காது இரண்டும் மறுபடி சிவந்திருந்தன.

தலைமை ஒழுங்காளர் எல்லா வீட்டுக்கும் போட்டார்.

மேலே வந்தபோது, தன் கட்டத்துக்குள் டீச்சர் முன்னால் குனிந்து, "சிட்டு, இப்போ நீ தெரியறே! நல்லாத் தெரியறே!" என்று கை காட்டிக்கொண்டிருந்தார்.

சிட்டு மெதுவாக ஒரு கையை வெளியே எடுத்தான். "நிஜமாவா?"

"நிஜமா" என்றார் டீச்சர். அவன் கேட்டதற்கு இரண்டு வாரத்தில் வந்த முதல் பதில்.

இரண்டாவது கையும் வந்தது. யானை லிஃப்டில் ஏறியது. கதவு தும்பிக்கையை நசுக்கியது. ஐந்து கட்டங்களிலும் ஐந்து பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பெண் குறுக்கே புகுந்து, "யானை எந்த மாடிக்குப் போகணும்?" என்று கேட்டாள். சிட்டு அதற்கும் பதில் சொன்னான். அந்தப் பதிலுக்கு ஒரு துணைக்கதை தேவைப்பட்டது. துணைக்கதைக்குள் ஒரு குரங்கு வந்தது.

செயலாளர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "இப்போ என்ன ஆச்சு? குரங்கு என்ன சொல்லுச்சு?" என்று மிளகாயை நச்சரித்துக்கொண்டிருந்தார். மீதி ஏழு பக்கம் அவர் மடியில் கசங்கிக் கிடந்தது.

வகுப்பு முடிகிற நேரம் தாண்டி அரைமணி ஆயிற்று. டீச்சர் இரண்டு தடவை கடிகாரத்தைக் காட்டினார். சிட்டு பார்க்காத மாதிரி இருந்தான். கடைசியில் அம்மாவின் போன் ஒளிர்ந்தது.

'இவனைப் பேச வைப்பது எப்படி என்று கவலைப்பட்டேன். இப்போது நிறுத்துவது எப்படி?'

மிளகாய் போனை வாங்கி எழுதினாள்.

'தெரியாது டீச்சர். நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். யானை இன்னும் மூன்று மாடி ஏற வேண்டியிருக்கிறது.'