யாழ்ப்பாணம் காத்திருக்கிறது

“யாருங்க உள்ள? எல்லா மிஷினையும் கொஞ்சம் நிறுத்துங்க!”

மழையில் தொப்பலாக நனைந்து, கையில் ஒரு சின்ன வயர்லெஸ் பெட்டியோடு, காக்களூர் ஷெட் வாசலில் ஒருத்தி நின்று அதிகாரம் செய்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? கிரீஸ் கறையோடு எட்டிப் பார்த்தவனுக்கும் வந்தது. ஆனால் அவள் கண்களைப் பார்த்ததும் பாதியிலேயே நின்றுவிட்டது. இமையில் ஒரு மழைத்துளி தொங்கிக்கொண்டிருந்தது... அதைத் துடைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

“எதுக்கு நிறுத்தணும்?”

“பின்னாடி மொட்டை மாடியில எங்க கிளப்பு ரேடியோ போட்டி நடந்துகினு இருக்கு. உங்க ஷெட்ல இருந்து கொர்ருனு ஒரு இரைச்சல் வருது. ஒரு ஊரும் கேக்க மாட்டேங்குது.”

“பாட்டுப் போட்டியா?”

“நக்கலா? ஹாம் ரேடியோங்க. நாடு நாடா கூப்ட்டு பேசணும். எத்தினி பேருகிட்ட பேசுறமோ அத்தினி பாயின்ட்டு. நீங்க இன்னான்னா என்னை நிக்க வெச்சு கதை கேக்குறீங்க!”

அவன் போய் லேத்தை நிறுத்தினான். “இப்ப?”

அவள் பெட்டியைக் காதில் வைத்தாள். “இருக்கு.”

ஃபேனை நிறுத்தினான். “இப்ப?”

“இருக்கு...”

கடைசியில் மேலே தொங்கிய மலிவு எல்.இ.டி. விளக்கை அணைத்தான். ஷெட் இருண்டது. பெட்டி அமைதியானது.

“போச்சு!” என்று குழந்தை மாதிரி குதித்தாள். அந்த இருட்டில் அவள் சிரிப்பு மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது. அன்று அவள் பெயர் ஹெலன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவன், செல்போன் வெளிச்சத்திலேயே மிச்ச வேலையையும் முடித்தான்.

அடுத்த மாதமே கிளப்பில் வந்து சேர்ந்துவிட்டான் சந்திரமோகன். விழுந்து விழுந்து படித்துப் பரீட்சை எழுதி லைசென்ஸும் வாங்கினான். போட்டிகளில் ஹெலன் மைக்கில் பேசுவாள், பக்கத்தில் உட்கார்ந்து அவன் கம்ப்யூட்டரில் பதிவு செய்வான். அவள் பாதி சொல்லும்போதே மீதியைத் தட்டிவிடுவான். முழங்கை முழங்கையில் படும். இரண்டு பேருமே நகர்த்திக்கொள்ள மாட்டார்கள்.

இப்படியே போயிருந்தால் கதைக்கு என்ன வேலை? அவன் கும்மிடிப்பூண்டி சடையப்பன் முதலாளியின் மகன், தொழில் பழகத்தான் காக்களூர் ஷெட்டில் இருந்தான் என்பது ஹெலனுக்குத் தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. மனசு ஏற்கெனவே போய்விட்டது. அவள் அப்பா யேசுதாஸ் அந்த முதலாளியின் பெரிய ஷெட்டில்தான் இத்தனை வருஷமாக வேலை பார்க்கிறார்.

போன மாதம் அவன் மனசைத் திறந்து சொன்னபோது, அவள் அவன் முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னாள். “எங்கப்பா உங்கப்பா முன்னாடி கையக் கட்டிக்கினு நிக்கிறவரு சார். நாளைக்கு சம்பந்தின்னு சொல்லி எந்த நாற்காலியில உக்காருவாரு? ஊரு சிரிக்கும். வேணாம்.”

அன்றிலிருந்து ‘சார்’தான். அந்த ஒரு வார்த்தை அவனை எவ்வளவு சுட்டதோ, அதைவிட அதிகமாக அவளைச் சுட்டது. இரவில் தலையணைக்குத்தான் தெரியும்.

இன்று மறுபடியும் போட்டி. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. முடிய இன்னும் சில நிமிடங்களே இருந்தன. எதிர் அணியான கும்மிடிப்பூண்டி கிளப் மயிரிழையில் முன்னால் நின்றது; இவர்கள் பேசுவதை ஒட்டுக் கேட்டுக்கொண்டும் இருந்தது. புதிதாக ஒரு நாடு கிடைத்தால் போதும், பாயின்ட் எகிறிவிடும். பக்கத்தில் இருக்கிற இலங்கை மட்டும் காலையிலிருந்து கிடைக்கவே இல்லை. கிளப் தலைவர் வசந்தகுமார் நகத்தைக் கடித்தபடி பின்னால் நடந்துகொண்டிருந்தார்.

ஹெலனுக்கு ஒரு காதில் ஹெட்போன், வாய்க்கு நேரே மைக். காலடியில் மிதி. மிதித்தால் இவள் பேசுவது வெளியே போகும், காலை எடுத்தால் எதிராளி பேசுவது கேட்கும். தொண்டை கட்டியிருந்தது. இருந்தாலும் மிதியை அழுத்தி, “சிக்யூ கான்டெஸ்ட்...” என்று பொது அழைப்பை ஆரம்பித்தாள்.

“நாளைக்கு ஓசூர் கெளம்புறேன் ஹெலன்” என்றான் சந்திரமோகன், திரையைப் பார்த்தபடியே. “அங்க புது யூனிட்டு. இனிமே கிளப்புக்கு வர மாட்டேன்.”

அவளுக்குச் சொல்ல வந்த அழைப்பு மறந்துபோயிற்று. ஆனால் கால்... கால் மட்டும் மிதியிலிருந்து எழவில்லை.

“ஓசூரா? போ! யாரு வேணாம்னா? ஒரு வார்த்த வேணாம்னு சொன்னா அப்டியே உட்டுட்டு போயிடுவியா நீ? நான் இன்னா கல்லா? தினம் ராத்திரி அழுதுகினு கெடக்குறேன்டா... உன்ன புடிக்காமயா பக்கத்துல உக்காந்து இத்தினி நாளு...”

குரல் உடைந்தது. வசந்தகுமார் பேயறைந்த மாதிரி அவள் காலைச் சுட்டிக் காட்டினார். ஹெலன் குனிந்து பார்த்தாள். ஐயோ... கர்த்தரே!

வெடுக்கென்று காலை எடுத்தாள். ஸ்பீக்கரில் வெறும் காற்றிரைச்சல். பிறகு ஒரு முதியவரின் குரல், நிதானமாக, தெளிவாக...

“தங்கச்சி, இது யாழ்ப்பாணம். உங்கட குரல் நல்லா விளங்குது. எல்லாமே விளங்கிச்சுது.”

இலங்கை! வசந்தகுமார் தலையில் கை வைத்துக்கொண்டார். ஹெலன் அவசரமாக மிதித்தாள். “ஃபைவ் நைன், நல்லா கேக்குது சார்... உங்க நம்பர் சொல்லுங்க, ப்ளீஸ்...”

“நம்பர் தாறன். அதுக்கு முதல் அந்தப் பெடியன் ஓசூருக்குப் போறாரா இல்லையா எண்டு சொல்லட்டும். நான் இஞ்ச காத்திருக்கிறன்.”

எதிராளியின் நம்பரைப் பதிவு செய்யாவிட்டால் பேசியது செல்லாது. கடிகாரத்தில் கடைசி நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. “டேய், ஏதாவது சொல்லித் தொலைடா!” என்று அலறினார் வசந்தகுமார். ஹெலன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். எல்லாம் போயிற்று, மானமும் போயிற்று, போட்டியும் போயிற்று.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். சந்திரமோகன் அவள் காலடியில் மண்டியிட்டு, மிதியைக் கையால் அழுத்தி, அவள் மைக் அருகே முகத்தைக் கொண்டுவந்தான். அவ்வளவு பக்கத்தில் அந்தக் கண்கள்...

“போவல” என்றான். “நாளைக்கு இவங்க ஊட்டுக்குப் போறேன். எங்கப்பாகிட்ட போன வாரமே சொல்லிட்டேன், பொண்ணு சரின்னா வரேன்னுட்டாரு. இவங்கப்பா நாற்காலியில உக்காந்திருக்கட்டும். நாங்க ரெண்டு பேரும் நின்னுக்கினு பொண்ணு கேக்குறோம்.”

கையை எடுத்தான். யாழ்ப்பாணம் ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டது. பிறகு நம்பர் வந்தது. எழுத வேண்டியவன் தரையில் இருந்ததால் வசந்தகுமார் பாய்ந்து போய்த் தட்டினார்.

இன்னும் சில நொடிகள் மிச்சம் இருந்தன. இன்னொருவரை அழைத்தால் இன்னொரு பாயின்ட். ஹெலன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலை வைத்தாள். இந்த முறை தெரிந்தேதான் மிதித்தாள்.

“யாழ்ப்பாணம் சார், ரொம்ப நன்றி. கும்மிடிப்பூண்டி கிளப்பு, நீங்களும் கேட்டுக்குங்க... எனக்கு சம்மதம்.”