தீட்டுப்படாத நிலவு

விண்மிதவை நகரத்தில் காலைச் சாப்பாட்டு நேரத்தில் கல்மழைச் சங்கு ஊதுவது வழக்கம். மலையளவு பாறைகள் சன்னலைத் தாண்டிப் போகும். யாரும் தட்டிலிருந்து தலையை நிமிர்த்த மாட்டார்கள். வெளியே ஓர் இளஞ்சூரியனைச் சுற்றித் தூசியும் கல்லும் மோதி, ஒட்டி, உருண்டு கோள்களாகிக்கொண்டிருந்தன. அரைகுறையாகத் திரண்ட அந்த உருண்டைகளைக் கருக்கோள்கள் என்பார்கள்.

நகரத்துக்கு அருகில் இருந்த இரண்டில் பெரியது மேல்தளத்தாரின் இடுகாடு; சிறியது கீழ்த்தளத்தாருடையது. இறந்தவரைப் பேழையில் வைத்து, கொதிக்கும் பாறைக் குழம்புக்குள் ஏவிவிடுவார்கள். கீழ்த்தளத்துக் கோளியலாளர் மாசிலாவின் அப்பா மேல்தளத்தின் காற்றுக்குழாயைச் சரிசெய்யும்போதுதான் செத்துப்போனார். ஆனாலும் பெரிய கோளில் இடமில்லை என்று நகரத் தலைவர் ஆதிநாயகம் கையை விரித்துவிட்டார்.

“கொதிக்கிற குழம்புல மேலென்ன, கீழென்னங்க ஐயா?”

“வழக்கம்மா.”

அப்பாவின் பேழையை மாசிலா சிறிய கோளுக்குத்தான் ஏவ வேண்டியிருந்தது.

பிறகு சிறிய கோள் பாதை பிசகிப் பெரியதன்மேல் மோதியது. நகரம் வெகுதூரம் விலகி நின்று பார்த்தது. சிதறிய குழம்பு வளையமாகச் சுழன்று, திரண்டு, ஒரு நிலவாயிற்று. பெரிய கோள் தீட்டுப்பட்டுவிட்டதென்று மேல்தளம் அலறியது. புத்தம்புது நிலவு இனித் தங்களுக்கு மட்டுமே என்று அறிவித்தது.

ஆதிநாயகத்தின் தாயார் இறந்தபோது, மேளதாளத்தோடு பேழை நிலவுக்குப் புறப்படத் தயாரானது. மாசிலா ஏவுதளத்துக்கே போய் நின்றாள்.

“நிலவுக் கல்லைச் சோதிச்சுட்டேன் ஐயா. அதுல பெரும்பங்கு எங்க சின்னக் கோள்தான். உங்கம்மா எங்கப்பாவோடதான் கலக்கப் போறாங்க.”

ஆதிநாயகம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இது வேற யாருக்காவது தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப தீட்டு இல்ல. வாயை மூடிக்கிட்டுப் போம்மா.”

மாசிலா போகவில்லை. தெரியாதவரைக்கும் தீட்டில்லை என்றால், அப்பாவை அன்றைக்கு எதற்காகத் திருப்பி அனுப்பினார்கள்? ஏவுதள ஒலிபெருக்கியைப் பிடுங்கி, நகரம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டாள்.

மேளம் நின்றது. பேழையும் நின்றது.

அன்று மாலையே மேல்தளம் அவசரமாகக் கூடியது. கல்லாகக்கூடத் திரளாமல், வெறும் புகையாகச் சுழன்றுகொண்டிருந்த ஒரு தூசிமேகத்தைத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டது. அது கோளாகப் பல லட்சம் ஆண்டுகள் ஆகும். பரவாயில்லையாம், தாயார் பனிப்பெட்டியில் காத்திருப்பாராம்.

அதைச் சுற்றி வேலி போட மட்டும், கீழ்த்தளத்திலிருந்து ஆள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.