லுட்விக்கின் ஹேண்டில்பார்

சனிக்கிழமை காலை 9.40. நானோஸ் மலையின் சரளைப் பாதை கடைசியாகத் திரும்பும் இடத்துக்குக் கீழே, பாறைகளுக்கு நடுவே லுட்விக் செத்துக் கிடந்தார். பக்கத்தில் சரளைப் பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்த அவருடைய கிராவல் சைக்கிள். போலீசுக்குத் தகவல் சொன்னவன் ஸ்வோன்கோ. மலையடிவார ஊரான விப்பாவாவில் சைக்கிள் கடை வைத்திருப்பவன், லுட்விக்குக்கு ஊரில் இருந்த ஒரே நண்பன்.

இன்ஸ்பெக்டர் ஸ்லாவ்கா பள்ளத்தில் இறங்கிப் பார்த்தாள். மேலே பாதையில் பிரேக் பிடித்த தடமே இல்லை. சக்கரம் நேராக ஓடி விளிம்பைத் தாண்டியிருந்தது. சைக்கிளுக்குச் சில கீறல்கள், அவ்வளவுதான். ஹேண்டில்பாரின் முன்னால் கட்டிய பை, பிரேக் லிவர்கள் இரண்டையும் முட்டிக்கொண்டு புடைத்திருந்தது. சங்கிலி பின்சக்கரத்தின் கடைசிச் சின்னப் பல்சக்கரத்தில் கிடந்தது.

"காலையில ஏழே காலுக்கு எனக்குப் போன் பண்ணினான். 'போதும்டா ஸ்வோன்கோ'ன்னான். கட் பண்ணிட்டான். மலை முழுக்கத் தேடினேன்" என்றான் ஸ்வோன்கோ.

மத்தியானம் லுட்விக்கின் மகள் அலெங்கா தலைநகர் லுப்லியானாவிலிருந்து வந்தாள். அழவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"அவராவே போய் விழுந்தாரா, மேடம்?"

"இன்னும் தெரியலை."

"ஈஸ்டருக்கு அவர் எங்க வீட்டுக்கு வந்தப்போ சண்டை போட்டேன். அதுக்கப்புறம் ஒரு போன்கூடப் பண்ணலை. என்னாலதானான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். வேற எதுவும் வேண்டாம்."

லுட்விக்கின் வீட்டை ஸ்லாவ்கா தனியாகப் போய்ப் பார்த்தாள். சமையலறையில் கழுவிக் கவிழ்த்த ஒரே ஒரு கோப்பை. ஒரு நாற்காலி உட்கார, இன்னொன்று பழைய பேப்பர் அடுக்க. ரேடியோ அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவளும் வேலைக்குக் கிளம்பும்போது ரேடியோவை அணைப்பதில்லை. திரும்பி வந்து கதவைத் திறந்தால் யாரோ பேசுகிற சத்தம் வேண்டும், அதற்காக. இப்படி வாழ்கிறவர் ஒருநாள் போதும் என்று சொன்னால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஆனாலும் மலையுச்சி விடுதிக்காரி மிலேனாவை விசாரிக்காமல் விடவில்லை.

"எப்பக் கிளம்பினார்?"

"ஏழு மணிக்கு. அரை வட்டம் பாலாடைக்கட்டி வாங்கிப் பைக்குள்ள திணிச்சார். ஜிப்பே மூடலை."

"முகம் எப்படி இருந்தது?"

"எப்பவும் போலத்தான். வீட்டுல பேச ஆளில்லாத மனுஷன், கிளம்ப மனசே இல்லாம நின்னு பேசிட்டிருந்தார். அப்புறம் கியரை டக்கு டக்குன்னு மாத்திக்கிட்டே இறங்கினார். உள்ள வரைக்கும் கேட்டுச்சு."

ஞாயிற்றுக்கிழமை ஸ்லாவ்கா போலீஸ் கிடங்கில் அந்த சைக்கிளோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

திங்கள் மாலை ஐந்து மணி. தன்னுடைய கிராவல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஸ்வோன்கோவின் கடைக்குள் நுழைந்தாள்.

"விசாரணையா, இன்ஸ்பெக்டரம்மா?"

"வியாபாரம். முன்னால ஒரு பை மாட்டணும். பெருசா, தொலைதூரம் போற மாதிரி."

சைக்கிள்காரனிடம் ஹேண்டில்பார் பேச்சை எடுத்தால் போதும், துக்கமாவது தூக்கமாவது! ஸ்வோன்கோ டேப்பை எடுத்து அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இது நாப்பது சென்டிமீட்டர் அகலம். ரோட்டுல பறக்கிறவங்க அளவு. இதுல பெரிய பை மாட்டினா பணம் தண்டம்."

"ஏன்?"

"நம்ம வண்டியில கியர் மாத்த பிரேக் லிவரையே உள்பக்கமா தள்ளணும் இல்லையா? பை முட்டிக்கிட்டு நின்னா லிவர் எங்க போகும்? கியர் மாறவே மாறாது. நாப்பத்தாறு போடுங்க. கீழ் வளைவு வெளிப்பக்கமா விரிஞ்சிருக்கணும். சரளையில பிடி நிக்கும், கையும் மரத்துப் போகாது."

"லேசா இருக்குமே, கார்பன் ஹேண்டில்பார் போடலாமா?"

ஸ்வோன்கோ டேப்பைக் கீழே வைத்தான். "அலுமினியமே போதும்."

"லுட்விக் வண்டியில இருக்கிறது எத்தனை?"

ஸ்வோன்கோ அவளுடைய சைக்கிளைத் தள்ளி நிறுத்தினான்.

"நாப்பது. கிடங்குல நானே அளந்தேன். பையோட அந்த லிவரைத் தள்ளியும் பார்த்தேன். அசையலை. இப்ப நீங்க சொன்னதேதான். மேல ஏறும்போது பெரிய பல்சக்கரத்துலதான் ஏறியிருப்பார். பையில பாலாடைக்கட்டியைத் திணிச்சதுக்கப்புறம் கியரை மாத்தினது மிலேனா காதுல விழுந்திருக்கு. சங்கிலியும் சின்னதுலதான் கிடந்தது. எல்லாரும் பையைப் பார்த்தோம், லிவரையும் பார்த்தோம். ரெண்டுக்கும் நடுவுல இடமே இல்லைங்கிறதைத்தான் யாரும் பார்க்கலை. அவர் ஓட்டினது இந்த ஹேண்டில்பாரே இல்லை. விழுந்த பிறகு யாரோ மாத்தியிருக்காங்க. அவர் பக்கத்துல போனது நீங்க ஒருத்தர்தான், ஸ்வோன்கோ."

ஸ்வோன்கோ பட்டறை மேஜைக்கு அடியில் கையை விட்டான். முறிந்த கார்பன் ஹேண்டில்பாரின் இரண்டு துண்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தான். அகலமானது, வெளிப்பக்கம் விரிந்தது.

"விபத்துல அடிபட்ட வண்டியிலேர்ந்து கழட்டினது. விரிசல் இருந்துச்சு. தேய்ச்சுப் பெயின்ட் அடிச்சு, புதுசுன்னு அவனுக்கு மாட்டிட்டேன். வெளியில தெரிஞ்சா யாரு என் கடைக்கு வருவாங்க?"

"கையிலயே முறிஞ்சா மனுஷன் பிரேக்கை எங்கே பிடிப்பார்? அதான் தடமே இல்லை. அவர் போன்ல என்ன சொன்னார்?"

"'முறிஞ்சிடுச்சுடா, வந்து தூக்கு'ன்னான்."

"அப்ப உயிரோட இருந்தார். நீங்க ஆம்புலன்சைக் கூப்பிடலை. கடையிலேர்ந்து வேற ஒரு ஹேண்டில்பாரையும் ஸ்பேனரையும் எடுத்துக்கிட்டுப் போனீங்க."

"முதல்ல இதை மாத்திட்டு உடனே கூப்பிடலாம்னுதான் நினைச்சேன். பிடியில சுத்தியிருந்த டேப்பைப் பிரிச்சு, லிவரைக் கழட்டி மாட்டி, திரும்பச் சுத்தி..." ஸ்வோன்கோ முகத்தைப் பொத்திக்கொண்டான். "'என்னடா பண்றே'ன்னு கேட்டான். உன் வண்டியைச் சரி பண்றேன்னேன். 'நல்லதுடா, நாளைக்கு அலெங்கா வீட்டுக்கு அதுலதான் போகணும்'னான். கொஞ்ச நேரத்துல பேச்சு நின்னுடுச்சு. நான் திரும்பிப் பார்க்கவே இல்லை."

அவனைப் போலீஸ் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஸ்லாவ்கா கடை வாசலில் நின்றே அலெங்காவுக்குப் போன் செய்தாள். எதையும் மறைக்கவில்லை. ஹேண்டில்பார் முறிந்தது, ஸ்வோன்கோ செய்தது, கடைசியில் அப்பா சொன்னது.

"அவர் சாகப் போகலை, அலெங்கா. உங்க வீட்டுக்கு வரத்தான் இருந்தார்."



"எனக்குச் சொல்லவே இல்லையே."

"முன்னாடியே சொன்னா வரவேண்டாம்னுடுவீங்கன்னு பயந்திருப்பார்."

"ஆமா, சொல்லியிருப்பேன்" என்றாள் அலெங்கா. "வரவேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. ஆனாலும் போனை வைக்க இருவருக்குமே மனசு வரவில்லை.