பொத்தான் கழற்றாத சட்டை

நெப்ராஸ்காவில் எங்கள் ஊர் சின்னது. மக்காச்சோள அறுவடை முடிந்ததும் ஊரே ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிடும். தேவாலயத்தின் அடித்தள அறையில் தையல் போட்டி நடக்கும். பெரியவர்கள் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பார்கள். எங்களைப் போன்ற வாண்டுகளுக்குக் கைப்பை. காபி வாசனையும் இஸ்திரி போட்ட துணியின் சூடும் கலந்த அந்த அறையை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கும்.

போட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் மிச்சமான துணிகளை ஒரு பழுப்புக் காகிதப் பையில் போட்டு, வாயைச் சுருட்டிக் கொண்டுவர வேண்டும். பெயர் எழுதக் கூடாது. பள்ளியில் எல்லாப் பைகளையும் கலந்து வைத்து ஆளுக்கு ஒன்று எடுப்போம். உள்ளே இருக்கும் ஒவ்வொரு துணியும் நாங்கள் தைக்கும் கைப்பையில் தெரிய வேண்டும். எந்தத் துணி யாருடையது என்று போட்டி நாள்வரை மூச்சு விடக் கூடாது. விட்டால் போட்டியிலிருந்து வெளியே.

நாங்கள் பள்ளிக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவதும் அதே மாதிரிப் பையில்தான். ஒரு வருடம் என் தோழி பெக்கி எடுத்த பையைப் பிரித்தால் உள்ளே ரொட்டியும் பன்றிக்கறியும் இருந்தன.

"இதையும் சேர்த்துத் தைக்கணுமா?" என்று அவள் கேட்டாள். அன்று மதியம் யாரோ பசியோடு பையைத் திறந்து துணியைப் பார்த்து முழித்திருப்பார்கள், பாவம்.

ஜெயித்தால் ஒரு நீல ரிப்பன் கிடைக்கும். ரிப்பன் யாருக்கு வேண்டும்? ஜெயித்த பிள்ளைக்கு அன்று சாயங்காலம் போர்வைச் சட்டத்தருகே ஒரு நாற்காலி கிடைக்கும். அதுதான் பெரிய விஷயம். கட்டில் அளவுள்ள மரச்சட்டத்தில் போர்வையை இழுத்துக் கட்டி, சுற்றி உட்கார்ந்து பெண்கள் தைப்பார்கள். ஊர்க்கதை எல்லாம் அங்கேதான் ஓடும். நாங்கள் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கலாம். கதை சுவாரசியமாகும் நேரம் பார்த்து, "போய் விளையாடுங்க" என்று விரட்டிவிடுவார்கள்.

எனக்கு அந்த நாற்காலி வேண்டும். ஆனால் ஒவ்வொரு வருடமும் வெர்னாதான் அதில் உட்கார்ந்தாள்.

வெர்னா என் வகுப்புதான். அவளுக்குத் தையல் நன்றாக வரும். வாய் அதைவிட நன்றாக வரும். "ஏன் கோரா, உன் பையில உருளைக்கிழங்கு போட்டாத் தாங்குமா? இல்ல, காத்து மட்டும்தான் போடணுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்குப் பத்து வயதான வருடம், நான் எடுத்த பை கனமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சமையலறை மேஜையில் கொட்டினேன். மஞ்சள் பூப்போட்ட துணி ஒன்று. கோழித்தீவன மூட்டையிலிருந்து வெட்டிய நீலத் துணி ஒன்று. அப்புறம், சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட முழுச் சட்டை ஒன்று. மெத்தென்று, கனமாக, அருமையான துணி.

"இந்த வருஷம் நாற்காலி எனக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தேன். சட்டையை விரித்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

சட்டையில் பொத்தான்கள் இருந்தன.

"என்னடி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றான் என் அண்ணன் ஓடிஸ். அவன் மேஜையின் அந்தப் பக்கம் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான்.

"இதுல பட்டன் எல்லாம் அப்படியே இருக்குடா."

"லாபம்தானே."

"யாராவது பட்டனோட சட்டையைத் தூக்கிப் போடுவாங்களா?"

எங்கள் பக்கத்தில் ஒரு சட்டை கந்தலானால் முதலில் பொத்தான்களை வெட்டி டப்பாவில் போடுவார்கள். அப்புறம்தான் அது துணி. அதுவரைக்கும் அது சட்டை.

"மறந்திருப்பாங்க" என்றான் ஓடிஸ்.

"நம்ம அம்மா என்னைக்காவது மறந்திருக்காங்களா?"

அவன் ஆப்பிளை மென்றபடி யோசித்தான். "இல்ல. விட்டா, நான் போட்டிருக்கிற சட்டையிலயே கழட்டிருவாங்க."

நான் சட்டையைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பொத்தானைப் பச்சை நூலால் யாரோ புதிதாகத் தைத்திருந்தார்கள். முழங்கைக் கிழிசலையும் பொடித் தையலாகப் போட்டு மூடியிருந்தார்கள். வேண்டாத சட்டைக்கு யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்? இது தவறி உள்ளே விழுந்திருக்கிறது. யாரோ இதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"பையில இருந்தா உன்னோடதுதான். வெட்டு" என்றான் ஓடிஸ்.

"வெட்டினா வெட்டினதுதான்டா. அப்புறம் ஒட்ட முடியுமா?"

"அப்ப வெட்டாத. போட்டியில தோத்துப் போ."

அவன் சொன்னது சரிதான். சட்டையை விட்டுவிட்டால் விதிப்படி பை செல்லாது. யாருடையது என்று கேட்டால் போட்டியிலிருந்தே வெளியே. வெட்டினால், யாருடைய சட்டையோ போய்விடும். எனக்கு அழுகை வந்தது.

அந்த வாரம் பள்ளியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாராவது சட்டையைத் தேடுவதுபோலத் தெரிகிறதா? ஒன்றும் தெரியவில்லை. வெர்னாகூட என்னைக் கிண்டல் செய்யவில்லை. போட்டி நாளுக்காகச் சேர்த்து வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. சட்டையை வெட்டாமலே பையாக்கினால் என்ன? அடி ஓரத்தைச் சேர்த்துத் தைத்தால் பையின் அடிப்பக்கம். சட்டைக்கைகள் இரண்டையும் முடிச்சுப் போட்டால் தோளில் மாட்டிக்கொள்ளலாம். பொத்தானைத் திறந்து மூடலாம். மஞ்சள் துணியைப் பைக்கு மேலே மூடும் மடலாகவும் நீலத்தை உள்துணியாகவும் வைத்தேன். எல்லாம் பெரிய பெரிய ஓட்டுத் தையல். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் நூல் முழுதும் உருவிக்கொண்டு வரும். சட்டைக்கு ஒரு கீறல்கூட விழாது.

அம்மா எட்டிப் பார்த்தார். "இப்படி லொடலொடன்னு தைச்சா, போட்டியில ஹால்வர்சன் அம்மா இழுத்துப் பார்க்கிற இழுப்புக்கு நிக்குமா?"

"நிக்காதும்மா."

"தெரிஞ்சேதான் தைக்கிறியா?"

"ஆமா."

அம்மா என்னையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, கத்தரிக்கோலை எடுத்த இடத்துல வை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போட்டி நாள் வந்தது. நீள மேஜையில் எல்லாப் பைகளும் வரிசையாக இருந்தன. என்னுடையது சட்டை போட்ட தலையணை மாதிரி உட்கார்ந்திருந்தது. ஹால்வர்சன் அம்மாதான் நடுவர். கன்றுக்குட்டி கட்டிய கயிற்றையும் இழுத்துப் பார்க்கிற ஆள். ஒவ்வொரு பையையும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தார்.

என் பையைப் பிடித்தார். இழுத்தார். சர்ரென்று நூல் உருவிக்கொண்டு வந்தது. அடிப்பக்கம் திறந்து, உள்துணி தொப்பென்று அவர் காலில் விழுந்தது. அறையே சிரித்தது. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

"என்ன தையல் கோரா இது?"

"பிரிக்கிறதுக்காகத் தைச்சேன்மா."

"பிரிக்கவா?"

"பட்டன் கழட்டாம இருந்துச்சு. யாரோ தெரியாம போட்டிருப்பாங்கன்னு தோணுச்சு. அதான் வெட்டல."

பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். பொத்தான் என்றால் அவர்களுக்குப் புரியும். ஹால்வர்சன் அம்மா சட்டையைத் தூக்கிக் காட்டினார். "யார் பையில இருந்தது இது?"

வெர்னா எழுந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"எங்க அண்ணனோடது" என்றாள். அவள் அண்ணன் லைல் அந்தக் கோடையில்தான் கடற்படையில் சேர்ந்து போயிருந்தான். "பை கொண்டுவந்த அன்னைக்குக் காலைல பஸ்காரர் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தாரு. படுக்கையில கிடந்த துணியை அப்படியே அள்ளிப் பையில போட்டுட்டேன். சட்டை அதுக்குள்ள இருந்திருக்கு."

"சொல்லியிருக்கலாம்ல?" என்றேன் நான்.

"சொன்னா போட்டியில இருந்து எடுத்துருவாங்க. அப்புறம்..." அவள் குரல் இறங்கியது. "பாப்பா மாதிரி அண்ணன் சட்டையைக் கட்டிக்கிட்டுத் தூங்குறாள்னு சிரிப்பீங்க. எப்படியும் வெட்டியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

அவள் வந்து சட்டையை வாங்கினாள். முழங்கையைத் தடவிப் பார்த்தாள். பச்சை நூல் பொத்தானைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, கை முடிச்சை அவிழ்த்து, எல்லோரும் பார்க்க அதை மாட்டிக்கொண்டாள். அவள் கைகள் உள்ளே எங்கோ காணாமல் போயின. யாரும் சிரிக்கவில்லை.

ஹால்வர்சன் அம்மா என் பக்கம் திரும்பினார். "பிரிஞ்ச பைக்குப் பரிசு கொடுக்க முடியாது கோரா."

"தெரியும்மா" என்றேன். குனிந்து, கீழே விழுந்த நீலத் துணியை எடுத்து மடித்தேன்.

நீல ரிப்பன் இந்த முறையும் வெர்னாவுக்குத்தான். உள்ளதைச் சொல்ல வேண்டும், அவள் பை அவ்வளவு அழகு.

சாயங்காலம் பெண்கள் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் வழக்கம்போல ஊசியில் நூல் கோத்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

"அங்க என்ன மரம் மாதிரி நிக்கிற? வா" என்றாள் வெர்னா.

"ஒரு நாற்காலிதானே இருக்கு."

"நீ என்ன யானையா? பாதி போதும் உனக்கு." அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

நான் உட்கார்ந்தேன். எதிரில் இருந்த பெண்மணி, தபால்காரர் வீட்டுக் கதையை ஆரம்பித்தவர் எங்களைப் பார்த்ததும் நிறுத்தினார். "பிள்ளைங்க இருக்காங்களே."

"இங்க உட்கார்ந்தா அவங்களும் தையல்காரங்கதான்" என்றார் ஹால்வர்சன் அம்மா. "நீ கதையைச் சொல்லு."

அந்தப் போர்வை இன்னும் தேவாலயத்து அலமாரியில் இருக்கிறது. போன முறை ஊருக்குப் போனபோது விரித்துப் பார்த்தேன். ஓரத்தில் வெர்னாவின் தையல் நேராகப் போகிறது. அதை ஒட்டியே தள்ளாடித் தள்ளாடி என்னுடையது போகிறது. அதை யாருமே பிரிக்கவில்லை.