நாற்காலியில் பூத்தது

ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு இருந்தவர்கள் மூன்று பேர். யூஃப்ராசியா கதவருகே பெஞ்சில். நாத்தனார் தொமாசா அடுப்பங்கரை வாசலில். ஜெபம் சொல்லும் லிப்ராதோ நடுவில், முக்காலியில். ஜன்னலோர மூங்கில் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அது யூஃப்ராசியாவின் செத்துப்போன கணவன் எவாரிஸ்தோவுடையது. ஆனால் எல்லோரும் எழுந்தபோது அதுவும் கிறீச்சிட்டது.

சவப்பெட்டி இருந்த தரையில் சுண்ணாம்புப் பொடியால் போட்டிருந்த சிலுவையை, தலை, கைகள், கால் என்று வழக்கப்படி அள்ளி, லிப்ராதோ துணிப்பையில் கட்டி யூஃப்ராசியாவிடம் கொடுத்தார்.

"இன்னைக்கே கல்லறையில புதைச்சிடும்மா. வீட்டுல தங்கக் கூடாது."

ஆற்றில் வெள்ளம். கல்லறைப் பாதையில் முழங்கால் சேறு. யூஃப்ராசியா அந்தப் பொடியை ஜன்னலுக்கு வெளியே, கொடிரோஸின் அடியில் கொட்டி மண்ணால் மூடினாள். கேட்டவர்களிடம் கல்லறையில் புதைத்தாயிற்று என்றாள்.

மூன்றே வாரத்தில் கொடி கூரையேறிப் பூத்தது.

"என்ன உரம் போட்டீங்க மதினி? எங்கண்ணன் உயிரோட இருந்தப்பகூட இந்த வீட்டுல எதுவும் இவ்வளவு வேகமா நடந்ததில்லையே!" என்று தொமாசா சிரித்தாள்.

யூஃப்ராசியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தியான வெயிலில், தேனீக்களின் இரைச்சலுக்கு அடியில், ஜன்னல் சட்டத்தை நகத்தால் பிராண்டுவதுபோல் ஒரு சத்தம் ஓயாமல் கேட்டது. ஈரச் சுண்ணாம்பு வாடையும் எவாரிஸ்தோவின் சுருட்டு வாடையும் கலந்து, அவள் போகிற அறைக்கெல்லாம் அவளுக்கு முன்னால் போய் நின்றன. கொடியை வெட்டினாள். விடிந்ததும் வளர்ந்திருந்தது. மண்ணைத் தோண்டினாள். சுண்ணாம்பு இல்லை. வேர்தான். அது வீட்டுக்குள் போயிருந்தது.

சிலுவை இருந்த இடத்தில் தரை வெடித்தது. தலைப்பக்கம் ஒரு தளிர். கைப்பக்கம் இரண்டு. காலடியில் ஒன்று.

மறுநாள் நாற்காலி நிறையப் பூ. ஆள் உட்கார்ந்த உருவத்தில்.

இறந்தோர் திருநாளுக்கு மகன் நபோர் வடக்கேயிருந்து வருவான். வந்ததும் அப்பாவின் நாற்காலியில்தான் உட்காருவான். கடைசி மூச்சுவரை எவாரிஸ்தோ கேட்டதும் அவனைத்தான்.

'வராதே. காரணம் கேட்காதே' என்று எழுதினாள். உறையைக் கோந்து தடவி ஒட்டி, விளிம்பை இருமுறை அழுத்தினாள். தபாலில் சேர்க்க, வெராக்ரூஸ் பஸ்ஸுக்கு நின்ற தொமாசாவிடம் வாசலில் கொடுத்தாள்.

"உப்பிக்கிட்டு இருக்கே மதினி, எத்தனை பக்கம்?"

"ஒண்ணே ஒண்ணு."

பஸ் நகர்ந்தது.

வீட்டுக்குள் நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ எழுந்ததுபோல். திரும்பினாள். வெறும் மூங்கில். ஒரு பூ இல்லை.

புழுதிக்குள் போன பஸ்ஸின் ஜன்னலில், தொமாசாவின் கையில், உறையின் ஒட்டிய விளிம்பிலிருந்து இளஞ்சிவப்பாய் ஒரு தளிர்ச் சுருள் நீண்டு காற்றைத் தடவிக்கொண்டிருந்தது.