கடைசி மருதமரம்

பாலாற்றங்கரை மருதமரத்தடியில் கலியாணசுந்தரம் மல்லாந்து கிடந்தார்.

பின்மண்டையில் ரத்தம்!

ஏனாத்தூர் கல்லூரியில் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்தியவர். ‘அந்தியில் வண்டு பிடிக்க மரமேறி விழுந்து செத்தார்’ என்று நான்கே நாளில் ஃபைலை மூடப் பார்த்தது போலீஸ்.

ஐந்தாம் நாள் அவர் மனைவி காவேரி ஸ்டேஷனுக்கு வந்தாள்.

“அவரு விழல சார். கொன்னுட்டாங்க.”

“யாரும்மா?” இன்ஸ்பெக்டர் ராமராஜன் கொட்டாவி விட்டார்.

“எங்க அக்கா வூட்டுக்காரரு.”

அந்த அக்கா கணவன் விக்னேஷ் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். துணைக்கு வந்தவன்!

“துக்கத்துல பேத்துறா சார். அன்னிக்குப் பூரா தறியில குந்திக்கினு இருந்தேன். ஆறு மணிக்கு இவளுக்கே வாய்ஸ் மெசேஜ் போட்டேனே!”

காவேரி போனைத் தட்டினாள்.

‘சகல போன எடுக்கல காவேரி... நான் தறியில இருக்கேன்...’

பின்னால் தறிச் சத்தம். அதற்கும் பின்னால்...

கிர்ர்ர்... கிர்ர்ர்... கிர்ர்ர்...

ஒரு மூச்சு இடைவெளி. மறுபடி கிர்ர்ர்...

“சில்வண்டு!” என்றார் ராமராஜன்.

“வண்டா? தறி மட்டுந்தான சார் கேக்குது?” என்றான் விக்னேஷ்.

பத்து வயதில் தறிக்குழியில் இறங்கிய காது. கீச்சுச் சத்தமெல்லாம் அதற்கு என்றோ செத்துப்போயிருந்தது!

ராமராஜன் சிரித்தார். “வண்டக் கூண்டுல ஏத்தி சத்தியம் வாங்கணுமாம்மா?”

“எங்க தெரு வேப்பமரத்துலயும் வண்டு கத்தும் சார்!” விக்னேஷ் முந்திக்கொண்டான்.

“அது வேற ஜாதி மாமா. உச்சி வெயில்ல நிறுத்தாம இழுக்கும். இது மூணு தரம் கத்திட்டு மூச்சு வாங்கும். பொழுது சாயறப்ப மட்டும். மருதமரத்துல மட்டும். ஆறு வருஷமா அவரு எழுதி வெச்சிருக்காரு.”

“கரை பூரா மருதம் இருக்குதே! எங்கனா பறந்து வந்திருக்கும்!”

“இருந்துச்சு மாமா. பதினேழு. ஊர்ல வேற எங்கயும் இல்ல. மனை போடறதுக்கு அன்னிக்குக் காலையில பதினாற சாய்ச்சது நீங்கதான? மிச்சம் ஒண்ணு. அவரு மறிச்சுக்கினு நின்ன மரம்... அவரு அடியில செத்துக் கிடந்த மரம்!”

விக்னேஷின் முகம் வெளுத்தது.

“வெட்டாம விட்டிருந்தா தப்பிச்சிருப்பீங்க!”

அவன் வாசலைப் பார்த்தான். கான்ஸ்டபிள் பொன்னி கதவைச் சாத்தினாள்.

“தள்ளத்தான் செஞ்சேன்... கீழ கல்லு இருந்துச்சு!”

“தறிச் சத்தம்?”

“சேலை வாங்குற பார்ட்டிக்குக் காட்டுற தறி வீடியோ சார்... இன்னொரு போன்ல ஓட விட்டேன்...”

ராமராஜன் பேனாவைத் திறந்தார். குரலில் இப்போது மரியாதை.

“ரிப்போர்ட் எழுதணும்மா. அந்த வண்டு ஆணா, பொண்ணா?”

“கத்திக் காட்டிக் குடுக்கறதெல்லாம் ஆம்பள வண்டுதான் சார்... பொம்பள வண்டு வாயத் தொறக்காது. காது மட்டும் ரொம்பக் கூர்!”