எட்டணா வந்தது, டிக்கெட் வரவில்லை

1991. காலை ஏழு இருபது. ஒரகடம் வளைவைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறினார் செக்கிங் இன்ஸ்பெக்டர் கோதண்டம். முன்பக்கம் கூடையோடு நின்ற கிளியம்மாளிடம் டிக்கெட் இல்லை.

"ரெண்டு ரூபா நோட்டு கை மாத்தி வுட்டேன் சார். மீதி எட்டணா வந்துச்சு. டிக்கெட்டு பின்னால வரும்னு பாத்துக்கினு கீறேன்."

கண்டக்டர் யாக்கோபுவுக்கு முகம் வெளுத்தது. காசை வாங்கிக்கொண்டு டிக்கெட் கிழிக்காத கண்டக்டர் என்றால் அன்றைக்கே சஸ்பெண்ட். ஷிப்டு நேரத்துக் கூட்டத்தில் அவர் பின்வாசலைவிட்டு நகர முடியாது. காசு கைமாறிப் போகும், டிக்கெட்டும் அப்படியே திரும்பி வரும். அதில் நடுவிலிருக்கும் கைகளை நாம் யாரும் சந்தேகப்படுவதில்லை, பாவம்.

"கிழிச்சேன் சார். காசு கீழ வுழாம இருக்க டிக்கெட்லயே மடிச்சு அனுப்பனேன். எப்பவும் அப்டித்தான்."

"உன் கைக்கு எப்டிம்மா வந்துச்சு?"

"வெறுங்காசா வந்துச்சு சார்."

கோதண்டம் மறுபடி எல்லா டிக்கெட்டையும் பார்த்தார். எல்லோரிடமும் இருந்தது. பஸ்ஸின் நடுவில் தேய்த்த சட்டையோடு நின்ற விஜயராகவனிடம் மட்டும் கொஞ்சம் தாமதித்தார்.

"எப்ப எடுத்தீங்க?"

"ஏறும்போதே. கண்டக்டர் கையில."

"மீதி வாங்கனீங்களா?"

"ஒன்றரை ரூபா சரியா குடுத்தேன். டிக்கெட்டை வாங்கி பையில வெச்சேன். பையில வேற எதுவும் இல்ல."

கோதண்டம் டிக்கெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கிளியம்மாளின் எட்டணாவை வாங்கி அதன்மேல் வைத்தார். தாளில் வட்டமாக அழுந்தியிருந்த தடத்தில் காசு அச்சாகப் பொருந்தியது.

"மீதியே வாங்காத டிக்கெட்ல காசு எப்டி மடிஞ்சிது? நீங்க டிக்கெட் எடுக்கல. வளைவுல என்ன பாத்துட்டீங்க. அந்த நேரம் இந்தப் பொட்டலம் கைக்கு வந்துச்சு. தாள வெச்சிக்கினு காச தள்ளி வுட்டீங்க. எட்டணாவ எடுத்துக்கல, அவ்ளோ யோக்கியம்."

"தாள் கசங்கறது ஒரு சாட்சியா சார்?"

விஜயராகவன் பக்கத்தில் நின்ற சரோஜா கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பாத்தேன் சார். பொட்டலமா குடுத்தது நான்தான். அவரு பிரிச்சாரு."

விஜயராகவன் அபராதம் கட்டினார். யாக்கோபுவுக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டத்தை விலக்கி சரோஜாவிடம் வந்தார்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல தங்கச்சி? என் வேல போயிருக்கும்."

"எங்க கம்பெனில லைன் சூப்பர்வைசர்ணா அவரு. ஓ.டி. போடறதும் அவர்தான், ஆள நிறுத்தறதும் அவர்தான்."

கம்பெனி ஸ்டாப் வந்தது. விஜயராகவன் திரும்பிப் பார்க்காமல் இறங்கினார்.

"எனக்கும் இங்கதாண்ணா," என்று சொல்லி, சரோஜா அவர் பின்னால் இறங்கினாள்.